எரிந்தது என் அடுப்பு அல்ல

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் அப்பாவும் சுகம். என் முழங்கால் சுகம், என் கண் சுகம், என் மூளையும் சுகம். மூளையைத் தனியாக எடுத்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நீயும் உன் தம்பியும் போனில் பேசி, அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது, அடுப்பை எரியவிட்டு எங்கேயோ போய்விடுகிறாள், இனி இரண்டு பேரையும் தனியாக விடக் கூடாது என்று என்னை ஒரு வார்த்தை கேட்காமல் தீர்ப்பு எழுதினீர்கள். அவன் என் அடுப்பின் நான்கு குமிழ்களையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போனான். நீ அங்கே இருந்தபடியே என் வீட்டை வாடகைக்குப் பார்க்க ஆள் அனுப்பினாய். இது நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எனக்குச் செய்த அநியாயம். அதை முதலில் எழுதிவிட்டேன், மற்றதை இனி நிதானமாகச் சொல்கிறேன். பயப்படாதே, இது அழுகைக் கடிதம் இல்லை. சில நாளாக என் மனது அவ்வளவு லேசாக இருக்கிறது. அந்த நிம்மதியில்தான் இவ்வளவு தெம்பாகக் கோபப்பட முடிகிறது.

போனில் சொல்லலாமே என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்ததும், அம்மா டென்ஷன் ஆகாதீங்க, பிரஷர் ஏறிடும் என்கிறாய். அதைக் கேட்டுத்தான் எனக்கு ஏறுகிறது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. இன்னொரு காரணமும் உண்டு. இந்த உறைக்குள் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பை இருக்கிறது, அதற்குள் கருகிய கம்பளித் துண்டு ஒன்று இருக்கிறது. அதைப் போனில் அனுப்ப வழியில்லை. இப்போதே பிரிக்காதே. நான் சொல்லும் இடத்தில் பிரித்து மோந்து பார்.

உன் தம்பி உனக்கு என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியும். சாவி போட்டு உள்ளே வந்தேன், அடுப்பு தன்னால் எரிந்துகொண்டிருந்தது, சமையலறை முழுக்கப் புகை, அம்மா ஆளையே காணோம் என்று சொல்லியிருப்பான். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அவன் பார்த்தது கடைசிக் காட்சியை மட்டும். நடந்தது இதுதான். காலையில் வழக்கம்போல வேக்குவம் கிளீனரைப் போட்டு வீடு முழுக்கச் சுத்தம் செய்தேன். அதே பழைய சிவப்பு மெஷின்தான், நீ குதிரை ஏறி விளையாடினாயே, அதுதான். சக்கரம் உடைந்த இடத்தில் பாட்டில் மூடி ஒட்டி இன்னும் உருண்டுகொண்டிருக்கிறது. உன் அப்பாவுக்குத் தூசி பட்டால் தும்மல் நிற்காது, அதனால் வீடு கூட்டுவதை நான் விடுவதே இல்லை. வேலை முடிந்ததும் சமையலறையை ஒட்டிய மர அலமாரிக்குள் அதைத் தள்ளிக் கதவைச் சாத்தினேன். உருளைக்கிழங்கை நிறையத் தண்ணீர் விட்டு அடுப்பில் வைத்தேன், தீயைக் குறைத்தேன், வேக நேரம் ஆகும் என்று குளிக்கப் போனேன். உலகத்தில் கிழங்கு வேகும்வரை அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறவள் யார்? அந்த நேரம் பார்த்து அவன் வந்தான். நான் தலையில் துண்டோடு வெளியே வந்தபோது ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு, சட்டையைக் கழற்றி விசிறிக்கொண்டு நிற்கிறான். அம்மா, என்னம்மா இது, வீட்டையே கொளுத்திட்டீங்களே என்று கத்தினான். டேய், கிழங்கு கருகவே இல்லடா, பாருடா என்று சட்டியைப் பார்த்தால் சட்டி காலி. பதற்றத்தில் எல்லாவற்றையும் பாத்திரம் தேய்க்கும் தொட்டியில் கொட்டிக் குழாயைத் திறந்துவிட்டிருக்கிறான். கருகவில்லை என்று காட்ட என் கையில் ஒன்றும் மிச்சம் இல்லை.

இது முடி கருகுற வாடைடா, கிழங்கு கருகினா இப்படியா வரும் என்று அப்போதே சொன்னேன். அவன் உன் அப்பாவைப் பார்த்தான். உன் அப்பா பால்கனியில் ரேடியோவைக் காதோடு அணைத்து உட்கார்ந்திருந்தவர், மெதுவாக எழுந்து வந்து, கொஞ்ச நாளாவே அப்பப்ப வாடை வருதுப்பா, அவளுக்கும் வயசாகுதில்ல என்றார். இத்தனை வருஷம் என் கையால் சாப்பிட்ட மனிதர் சொன்ன சாட்சி இது. இந்த இடத்தைக் குறித்து வைத்துக்கொள், பின்னால் தேவைப்படும். உன் தம்பி அங்கேயே நின்று உனக்குப் போன் போட்டான். நீங்கள் இரண்டு பேரும் தாழ்ந்த குரலில் பேசினீர்கள். எனக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பதை ஏனோ யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அம்மாவ நம்ம வீட்டுப் பின்ரூம்ல வச்சுக்கிறேன்க்கா, அப்பாவும் கூட வரட்டும் என்று அவன் சொன்னதும் கேட்டது. வச்சுக்க நான் என்ன மிக்ஸியா? பேசி முடித்துவிட்டு வந்து குமிழ்களை ஒவ்வொன்றாக உருவினான், என் முகத்தைக் கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. சாப்பாடு நான் டப்பால கொண்டாந்து தரேம்மா என்றான். மருமகள் சமையலைக் குறை சொல்ல மாட்டேன், உப்பை மட்டும் அவள் யாரோ தூரத்துச் சொந்தம் போல நடத்துகிறாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன். அடுப்பின் குமிழை எடுத்துவிட்டால் அடுப்பு எரியாது என்று உன் தம்பி நினைத்தான். உள்ளே இருக்கும் கம்பியைக் குறடால் பிடித்துத் திருகினால் தாராளமாக எரியும். குறடு என் மேஜை இழுப்பறையில்தான் இருந்தது. அவன் கதவைத் தாண்டுவதற்குள் டீ போட்டுக் குடித்திருப்பேன். ஆனால் போடவில்லை. குறடைக் கையில் எடுத்துக்கொண்டு அடுப்பு முன்னால் நின்றேன், நின்றுவிட்டுத் திரும்ப இழுப்பறையில் வைத்தேன். ஏனென்றால் அந்த நாட்களில் வாடை வரவே இல்லை. நான்தான் மனது விட்டுப்போய் வீடு கூட்டவில்லை, ஒன்றும் செய்யவில்லை, பெட்டிக்குள் துணியை அடுக்குவதும் எடுப்பதுமாக இருந்தேன். உன் தம்பி வந்து, பாத்தீங்களாம்மா, குமிழ் போச்சு, வாடையும் போச்சு என்றான். நீயும் போனில் அதையே சொன்னாய். ஒருவேளை நிஜமாகவே கிழங்கில் தண்ணீர் வைத்தேனா, வைத்ததாக நினைத்துக்கொண்டேனா? தண்ணீர் சட்டியில் விழுந்த சத்தம் காதில் இருக்கிறது, ஆனால் அது அன்றைய சத்தமா, முந்தின நாள் சத்தமா? குமிழே இல்லாத அடுப்பை, அணைத்துவிட்டேனா என்று போய்ப் போய்ப் பார்த்தேன். என்னை நானே நம்ப முடியாமல் போனது போல ஒரு கஷ்டம் எனக்கு வாழ்நாளில் வந்ததில்லை. நீங்கள் சொன்னதற்குக் கோபம் வந்தது. நீங்கள் சொன்னது சரியாக இருக்குமோ என்று தோன்றியபோது கோபம்கூட வரவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் நீ அனுப்பிய ஆட்கள் வந்தார்கள், புதிதாகக் கல்யாணமான பிள்ளையும் பெண்ணும். வருகிறவர்கள் முன்னால் வீடு அலங்கோலமாக இருக்கக் கூடாது என்று காலையிலேயே மெஷினை எடுத்துச் சுத்தம் செய்தேன். அது அன்றைக்கு ஒரு மாதிரியாக ஓடியது. சத்தம் ஏறும், இறங்கும், மூச்சு வாங்குகிறவர் பேசுவது போல. கடைசி அறையில் தானாகவே நின்றுவிட்டது. வாசலில் மணி அடித்தது, அப்படியே அலமாரிக்குள் தள்ளிவிட்டுப் போய்க் கதவைத் திறந்தேன். அந்தப் பெண் கையில் அளவு நாடா வைத்திருந்தாள். சமையலறைக்குள் வந்து, அடுப்பு இருக்கும் இடத்துக்கு நாடாவைப் பிடித்து, இங்க நம்ம ஃப்ரிட்ஜ் நிக்கும் என்று அந்தப் பிள்ளையிடம் சொன்னாள். நான் சுவரோடு சாய்ந்து நின்றேன். திடீரென்று மூக்கைச் சுருக்கினாள். ஆன்ட்டி, ஏதோ முடி கருகுற மாதிரி வாடை வருதே, உங்களுக்கு வரலயா என்று கேட்டாள்.

அந்தப் பெண்ணைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. முடி கருகுற மாதிரி! நான் சொன்ன அதே வார்த்தை. என்னைத் தெரியாதவள், என் வயது இல்லாதவள், என் மறதியைப் பற்றி ஒன்றும் அறியாதவள். அடுப்பிலோ குமிழ் இல்லை, உன் தம்பியின் காரில் இருக்கிறது. அப்படியென்றால் எரிவது எது? ஆமாம்மா, வருது, நல்லா வருது, இன்னொரு தடவ மோந்து பாரு என்று அவளை அலமாரிப் பக்கம் அழைத்துப் போனேன். கதவைத் திறந்ததும் உள்ளிருந்து வெக்கை முகத்தில் அடித்தது. மெஷின் மேல் கை வைக்க முடியவில்லை. அதன் பக்கத்திலேயே பழைய செய்தித்தாள் கட்டும் தரை துடைக்கும் துணியும் இருந்தன. அந்தப் பிள்ளை நல்லவன், அதைத் தூக்கிப் பால்கனியின் சிமெண்ட் தரையில் வைத்துக் கொடுத்தான். வீடு இப்போதைக்குக் காலி இல்லை என்று அவர்களிடம் நானே சொல்லிவிட்டேன். ஆனால் அவர்கள் என்னை நம்பவில்லை, உங்க பொண்ணுகிட்ட பேசிக்கிறோம் ஆன்ட்டி என்று சிரித்துக்கொண்டே போனார்கள். அதனால் அந்த வேலை உன்னுடையது, அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

மறுநாள் காலை மெஷின் நன்றாக ஆறிய பிறகு போட்டுப் பார்த்தேன். ஓடியது. சூட்டில் நின்று, ஆறினால் ஓடுகிறது என்றால் கோளாறு மோட்டார் பக்கம் என்று பாதி தெரிந்துவிட்டது. ஆனாலும் வரிசையாகத்தான் போக வேண்டும். முதலில் வயரை முனையிலிருந்து முனை வரை வளைத்து வளைத்துப் பார்த்தேன், சத்தத்தில் மாற்றம் இல்லை, வயர் நல்லது. குழாயைக் கழற்றி ஒரு கண்ணால் பார்த்தேன், வெளிச்சம் தெரிந்தது, அடைப்பு இல்லை. தூசிப் பை காலி. பிறகு அறையின் திரையை இழுத்து மூடிவிட்டு ஓடவிட்டேன். பக்கவாட்டு இடுக்கு வழியாக உள்ளே நீலமாகவும் மஞ்சளாகவும் பொறி சுற்றிச் சுற்றிப் பறந்தது. உன் அப்பா எட்டிப் பார்த்து, பழசு, தூக்கிப் போட்டுடலாம், எதுக்கு இந்த வேலை என்றார். பழசையெல்லாம் போடுறதுன்னா யாரை முதல்ல போடணும்னு பேசி முடிவு பண்ணிக்கலாம் என்றேன். ரேடியோவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஸ்குரூவெல்லாம் கழற்றி ஒரு தட்டில் வரிசையாக வைத்து மோட்டாரை வெளியே எடுத்தேன். எனக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, உனக்கே தெரியும், தையல் மெஷின் மோட்டார் நின்றுபோன நாளில் நானே பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. இந்த மாதிரி மோட்டாரில் இரண்டு பக்கமும் இரண்டு கரிக்கட்டை இருக்கும், கார்பன் என்று கேட்டால் கடையில் தருவார்கள். பின்னால் ஒரு ஸ்பிரிங் அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும். நடுவில் சுழலும் செம்புப் பட்டையில் அது உரசிக்கொண்டே கரண்டைக் கொடுக்கும். நம் மெஷினில் அந்தக் கரி தேய்ந்து தேய்ந்து பருப்பு மாதிரி ஆகிவிட்டது. ஸ்பிரிங் எட்டவில்லை, கரி தள்ளாடுகிறது, அதனால்தான் பொறி. செம்பு கன்னங்கரேல் என்று இருந்தது. மோட்டாரின் காற்றாடியைக் கையால் சுற்றிப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு ஓடியது, ஆட்டம் இல்லை, உரசல் இல்லை. அப்பாடா, பேரிங் போகவில்லை, பிழைக்கும் என்று நினைத்தேன்.

கடைக்காரரிடம் மிச்சக் கரியைக் காட்டினேன். இந்த மாடலுக்கெல்லாம் இப்ப எதுவும் வராதுங்கம்மா, புதுசே வாங்கிடுங்க என்று அலமாரியிலிருந்த புது மெஷினின் தலையைத் தடவிக் கொடுத்தார். மாடல் எனக்கு வேணாம் தம்பி, டிரில்லுக்குப் போடுற கார்பன்ல கொஞ்சம் பெரிசா ரெண்டு குடுங்க, நான் தேச்சுக்கிறேன் என்றேன். நீங்க தேச்சுக்குவீங்க, மெஷின் ஏத்துக்கணுமே என்றார். ஏத்துக்காட்டி உங்க கடைக்குத்தான் வரணும், வேண்டிக்கோங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். உப்புத்தாளைத் தரையில் விரித்து அந்தக் கரியை நான்கு பக்கமும் தேய்த்தேன். கொஞ்சம் தேய்ப்பது, பொருத்திப் பார்ப்பது, மறுபடி தேய்ப்பது. கரி உட்காரும் கூட்டுக்குள் அது தடையில்லாமல் நழுவ வேண்டும், ஆனால் ஆடக் கூடாது. விரல் பத்தும் கரி. செம்பை மெல்லிய உப்புத்தாளால் பளபளப்பாக்கி, பட்டைகளுக்கு நடுவே அடைந்திருந்த கரித்தூளை ஊசியால் கீறி எடுத்தேன். எல்லாம் மாட்டி ஓடவிட்டேன். முதலில் சின்னப் பொறி வந்தது, கொஞ்ச நேரத்தில் அடங்கி மெல்லிய நீலக் கோடாக நின்றது. சத்தம் ஒரே சீராக வந்தது. பழைய சத்தம் வந்துடுச்சு என்று உன் அப்பா உள்ளே வந்து சொன்னார். சந்தோஷமாகச் சொன்னதாகத் தெரியவில்லை.

வீட்டைப் பாதி கூட்டியிருப்பேன். மறுபடியும் வாடை.

நான் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். மோட்டார் நன்றாக ஓடுகிறது, பொறி இல்லை, பிறகும் வாடை. அந்த நேரத்தில் மறுபடி அந்தப் பாழும் சந்தேகம் வந்தது, மூக்குதான் சரியில்லையோ என்று. அந்த அளவு நாடாப் பெண்ணை நினைத்துக்கொண்டு எழுந்தேன். மெஷின் மேல் கை வைத்தேன், மறுபடி சூடு. முன்னால் குழாய் வாயில் உள்ளங்கையை வைத்தேன், இழுத்துப் பிடித்தது, ஆனால் பழைய பிடி இல்லை. பின்னால் காற்று வெளியேறும் சல்லடையில் கையை வைத்தேன். அங்கே புயல் மாதிரி அடிக்க வேண்டும், நீயும் உன் தம்பியும் அதில் முடி பறக்க விட்டுச் சண்டை போடுவீர்களே. இப்போது குழந்தை ஊதுவது போல ஒரு காற்று. முன்னால் போகிற காற்று பின்னால் வர வேண்டுமே, எங்கே போகிறது? அந்தக் காற்றுதான் மோட்டாரையும் குளிர வைக்கும். அது நின்றால் மோட்டார் வெந்துதான் போகும், கரியும் அதனால்தான் இப்படிச் சீக்கிரம் தேய்ந்திருக்கிறது. பின்மூடியை நான் திறந்து ரொம்ப நாளாகிறது, உள்ளே காற்றை வடிகட்டும் மெல்லிய பஞ்சுத் தகடு மட்டும்தான் இருக்கும். மூடியில் நகத்தை வைத்ததும் உன் அப்பா, அங்க ஒண்ணும் இருக்காது, அதை எதுக்குத் தொறக்கிற என்றார். சொல்லிவிட்டு, தபால் வந்திருக்கும் பார்க்கிறேன் என்று எழுந்தார். அன்றைக்குத் தபால் வராத நாள்.

திறந்தேன். உள்ளே பஞ்சுத் தகடு இல்லை. ஒரு கம்பளிச் சுருள் இறுக்கித் திணிக்கப்பட்டிருந்தது. மோட்டார் பக்கம் கன்றிக் கருகி ஓட்டை விழுந்திருந்தது, மறுபக்கம் பழுப்பு நிறம். இழுக்க இழுக்க வந்தது. இப்போது அந்தப் பிளாஸ்டிக் பையைப் பிரி. மோந்து பார். கம்பளி கருகினால் முடி கருகும் வாடைதான் வரும், இரண்டும் ஒரே சாதி. நிறத்தையும் பார், உனக்குத் தெரிந்த நிறம்தான். நீ முதல் சம்பளத்தில் உன் அப்பாவுக்கு வாங்கி அனுப்பினாயே, ரயிலில் தொலைந்துபோனது என்று நம் எல்லோருக்கும் சொல்லப்பட்டதே, அந்தக் கம்பளிச் சட்டையின் வலது கை அது.

உன் அப்பா வாசலிலேயே நின்றார். என்னங்க இது என்றேன். நியூஸ் ஒண்ணும் கேக்க மாட்டேங்குது, நீ போடுற நேரம் பாத்துத்தான் நியூஸ் வருது, கொஞ்சம் சத்தம் கம்மியா இருக்கட்டுமேன்னு வச்சேன், அப்புறம் மறந்தே போயிட்டேன் என்றார். சட்டை எப்படி வந்துச்சு என்று கேட்டேன். வெந்நீர்ல போட்டேன், சுருங்கிடுச்சு, பொண்ணு வருத்தப்படுவாளேன்னு சொல்லல என்றார். போன குளிர்காலத்தில் திணித்த கை இது. அதிலிருந்துதான் அப்பப்ப வாடை. மோட்டார் வெந்தது, கரி தேய்ந்தது, பொறி பறந்து அந்தக் கம்பளியில் விழுந்தது, நான் அதைக் கொண்டுபோய்ச் சமையலறைக்குப் பக்கத்தில் வைத்துக் கதவைச் சாத்தினேன், அது உள்ளேயே புகைந்தது. நான் அடுப்பை மூட்டும் நேரமும் அதுதான். அடுப்பு மாட்டிக்கொண்டது, அடுப்போடு நானும் மாட்டிக்கொண்டேன். மறதி யாருக்கு என்று இப்போது நீயே சொல். ஆனால் இதைக் கேட்டுவிட்டு உடனே அவர் ரேடியோவின் குமிழைக் கழற்றிக்கொண்டு போக ஆள் அனுப்பாதே. அவர் பாவம், அன்று முழுவதும் என் பின்னாலேயே நடந்துகொண்டிருந்தார். நான் திரும்பிப் பார்க்காமல் புதுத் தகட்டுக்குப் பஞ்சு தேடினேன். பிறகு சிரிப்பு வந்துவிட்டது, என்ன செய்ய.

புதுப் பஞ்சுத் தகடு வெட்டிப் போட்டேன். வீடு முழுக்க, கட்டிலுக்கு அடியெல்லாம், நிறுத்தாமல் கூட்டினேன். முடித்துவிட்டுக் கை வைத்துப் பார்த்தேன், வெதுவெதுப்பு, அவ்வளவுதான். அலமாரிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து மோந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. மரத்தின் வாசனை, சோப்பின் வாசனை. எழுந்து போய் இழுப்பறையிலிருந்து குறடை எடுத்து அடுப்பைத் திருகி டீ போட்டேன். அவருக்கும் ஒரு கோப்பை கொடுத்தேன். தண்ணீர் ஊற்றியது ஞாபகம் இருந்தது, சர்க்கரை போட்டது ஞாபகம் இருந்தது, அணைத்ததும் ஞாபகம் இருந்தது. அந்த டீயைப் போல ஒரு டீயை நான் குடித்ததில்லை. நீங்கள் பயந்தது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். இந்த வீட்டில் ஏதோ ஒன்று எரிந்துகொண்டுதான் இருந்தது. அது எங்கே எரிகிறது என்று தேடாமல் என் தலைக்குள் எரிகிறது என்று முடிவு கட்டினீர்களே, அதைத்தான் நான் விட மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் தம்பி சாப்பாட்டு டப்பாவோடு வந்தான். கம்பளிக் கையை மேஜையில் வைத்து, தேய்ந்த கரியையும் பக்கத்தில் வைத்து, மோந்து பாருடா என்றேன். மோந்தான். உன் அப்பாவைப் பார்த்தான், உன் அப்பா கூரையைப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள், இவன் கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்துவிட்டு, சாரிம்மா என்று என் தோளில் தலையை வைத்தான். சரி, குமிழைக் கொடு என்றேன். உடனே முகம் மாறிவிட்டது. அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேம்மா, வாடகைக்கு வர்ற ஆளுங்ககிட்ட அவதானே பேசியிருக்கா என்றான். சின்ன வயதில் பல் தேய்க்கவே உன்னைக் கேட்டவன் அவன். அதனால்தான் இந்தக் கடிதத்தை விரைவுத் தபாலில் போடுகிறேன். இது கையில் கிடைத்த அன்றைக்கே நடக்க வேண்டியதை எழுதுகிறேன், நன்றாகப் படித்துக்கொள்.

நீ அந்த நாடாப் பெண்ணுக்குப் போன் செய்து வீடு காலி இல்லை, காலி ஆகப்போவதும் இல்லை என்று சொல்ல வேண்டும். அவள் மூக்குக்கு என் நன்றியையும் சேர்த்துச் சொல். வேறு வீடு கிடைக்கும்வரை என்றைக்கு வேண்டுமானாலும் டீ குடிக்க வரலாம்.

உன் தம்பிக்கு நீயே சொல்ல வேண்டும். உன் வாயிலிருந்து போன தீர்ப்பு உன் வாயிலிருந்தே திரும்பட்டும். அவன் வீட்டுப் பின் அறையில் எங்களுக்காக வாங்கிப் போட்ட கட்டிலை மருமகள் தன் தையல் சாமான் வைக்க எடுத்துக்கொள்ளட்டும், அவள் இடம் இல்லாமல் கஷ்டப்படுகிறாள்.

உன் அப்பா இனி நான் மெஷின் போடும்போது ரேடியோவோடு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். மெஷினின் எந்த ஓட்டையிலும் எதையும் திணிக்க மாட்டார். சட்டையின் மிச்சத்தை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாரோ அதையும் எடுத்துக் கொடுக்க வேண்டும், சக்கரம் துடைக்க ஆகும்.

நான் மெஷின் முழுக்க ஆறிய பிறகுதான் அலமாரியில் வைப்பேன், செய்தித்தாள் கட்டை ஏற்கெனவே வெளியேற்றிவிட்டேன். குளிக்கப் போகும்போது அடுப்பை அணைத்துவிட்டுத்தான் போவேன். இது நீங்கள் சொன்னதற்காக இல்லை, நானாக முடிவு செய்தது.

குழந்தைக்கு என் முத்தம். மாப்பிள்ளையை வேளைக்குச் சாப்பிடச் சொல், நீயும் சாப்பிடு. எங்கே இருந்தாலும் உன் வீடும் உன் மனசும் குளிர்ந்து இருக்க வேண்டும் என்றுதான் தினமும் நினைத்துக்கொள்கிறேன். அங்கே உங்கள் மெஷினின் பின்மூடியையும் ஒரு தடவை திறந்து பார்த்துவிடு, மாப்பிள்ளையும் செய்தி கேட்கிறவர்தான். உன் தம்பியிடம் இன்னொன்றும் மறக்காமல் சொல். குமிழ்கள் நான்கு. மூன்று வந்தால் வாங்கிக்கொள்ள மாட்டேன்.

குறடும் கையுமாக அடுப்பின் முன்னால் காத்திருக்கும்,
உன் அம்மா